படம் வருது, சத்தம் வரலை

பாத்து தம்பி, பாத்து! பஸ்ஸு குலுங்குது, காலை அந்தப் பக்கம் வைங்க. பையை மிதிச்சிடாதீங்க, உள்ள பெட்டி இருக்கு. நகைநட்டு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. டிவியில மாட்டிப் புள்ளைங்க விளையாடுமே, கேம் பெட்டி, அதுதான். என்ன சிரிக்கறீங்க? இந்த வயசுல இவனுக்கு எதுக்கு கேம் பெட்டின்னா? நான் விளையாடக் கொண்டு போவலை. நியாயம் கேக்கக் கொண்டு போறேன். தஞ்சாவூருக்கு, மாவட்டக் கபடிக் கழகத்துக்கு. ஒரு பயலுக்கு ஒரு வருசம் தடை வாங்கிக் குடுக்காம இன்னிக்கு நான் வீடு திரும்பறதா இல்ல.

என்னது? கொஞ்சம் வாயைத் தொறந்து பேசுங்க தம்பி. இந்தக் காலத்து ஆளுங்க யாருமே வாயைத் தொறக்கறதில்ல. எல்லாம் உதட்டுக்குள்ளயே பேச்சு. எங்க வீட்டுலயும் இதே கதைதான். வீட்டுக்காரி அடுப்படியில நின்னு சுவத்துக்கிட்டப் பேசுவா. அப்புறம் வந்து "நூறு தடவ கூப்புட்டேன், திரும்பிப் பாக்கலை"ன்னு சண்டைக்கு நிப்பா. மனுசன் காதுக்குப் பேசணும், சுவத்துக்குப் பேசினா?

சரி அதை விடுங்க. என் பேரு துரைமாணிக்கம். தஞ்சாவூரு மாவட்ட எல்லையில, மன்னார்குடிப் பக்கம் பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க சுத்துவட்டாரத்துல எந்த ஊருல கபடி நடந்தாலும் விசில் என் கழுத்துலதான் இருக்கும். இருந்துச்சு. இப்ப இல்ல. ஏன் இல்லைன்னுதான் சொல்ல வர்றேன்.

கபடி பாப்பீங்களா? பாத்திருப்பீங்க. எதிராளி களத்துக்குள்ள போறவன் மூச்சு விடாம கபடி கபடின்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுக்குப் பேரு பாட்டு. அவனைப் புடிச்சு அமுக்கிப்புட்டாலும், பாட்டு நிக்காம கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுட்டான்னா, புடிச்சவன் அத்தனை பேரும் அவுட்டு. தொடறதுக்கு முந்தி பாட்டு நின்னுச்சா, அவன் அவுட்டு. அவ்வளவுதான் ஆட்டம். இதுல நடுவரு கண்ணால பாக்கறது பாதி, காதால கேக்கறது பாதி.

இந்தப் பொங்கலுக்கு எங்க ஊருல டோர்னமெண்டு. ஃபைனலு. ரெண்டு பக்கமும் சரிக்குச் சமமா பாயிண்டு. கடைசிப் பாட்டு. கவியரசன்னு ஒரு பய. நல்லா ஆடுவான், அதை நான் இல்லைங்கலை. கால்ல சக்கரம் கட்டின மாதிரி போவான். மாநில அணி எடுக்கற கேம்புக்கு அவன் பேரு போவப் போகுதுன்னு பேச்சு அடிபட்டுக்கிட்டு இருந்துச்சு. அவன் உள்ள போனான். நாலு பேரு கணுக்காலையும் இடுப்பையும் சேத்துப் புடிச்சுக் கவுத்துட்டானுவ. மூஞ்சி மண்ணுல. நான் கிட்டப் போயி குனிஞ்சு கேக்கறேன். பாட்டு இல்ல. சுத்தமா இல்ல. அவன் அப்படியே நாலு பேரையும் இழுத்துக்கிட்டு ஊர்ந்து வந்து விரலைக் கோட்டுல வச்சான். வச்சா என்ன? பாட்டுதான் இல்லையே! ஊதிட்டேன். அவுட்டு. கப்பு அந்தப் பக்கம் போயிடுச்சு.

எழுந்திரிச்சு வந்தான் பாருங்க. வாயெல்லாம் மண்ணு. மைக்கு பக்கத்துலயே இருக்கு. அவ்வளவு கூட்டத்துக்கும் கேக்கறாப்ல, என் முகத்துக்கு நேரா, "உங்களுக்குக் காது கேக்கலையா சார்?"ன்னு கேட்டான்.

நீங்களே சொல்லுங்க. இது ஒரு நடுவரைப் பாத்துக் கேக்கற கேள்வியா? எத்தனை புள்ளைங்களுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்தவன் நான்? கூட்டம் கைகொட்டிச் சிரிக்குது. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. அங்கயே தாள் வாங்கிப் புகார் எழுதிக் குடுத்துட்டேன். நடுவரை அவமதிச்சதுக்கு ஒரு வருசம் எந்த ஆட்டத்துலயும் எறங்கக் கூடாது, கேம்புக்குப் பேரு போவக் கூடாதுன்னு.

எங்க ஊருக் கபடிக் கழகத் தலைவரு ரெத்தினசபாபதி. உரக்கடை வச்சிருக்காரு, கடைக்கு மேமாடிதான் கழக ஆபீஸு. நல்ல மனுசன், ஆனா வழவழ கொழகொழ. "வாத்தியாரே, சின்னப் புள்ள, தோத்த ஆத்திரத்துல ஒரு வார்த்தை விட்டுட்டான், மறந்துடுங்களேன்"ன்னாரு. முடியாதுன்னுட்டேன். அவனும் மன்னிப்புக் கேக்க முடியாதுன்னுட்டான். "நான் பாட்டை விடலை. கேட்டிருந்தா ஊதியிருக்க மாட்டாரு"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். அப்பத்தான் நான் சொன்னேன், வீடியோ இருக்குல்ல, போட்டுப் பாத்துடுவோம்னு. ஆமாந்தம்பி, நான்தான் சொன்னேன். மடியில கனம் இல்லாதவனுக்கு என்ன பயம்?

கல்யாண வீடியோ எடுக்கற ஆளு ஒருத்தர் ஃபைனலைப் புடிச்சிருந்தாரு. நடுக்கோட்டுக்குப் பக்கத்துக் கம்பத்துல மைக்கு கட்டி எடுத்தது. அவருகிட்டப் போயி நானே பென் டிரைவுல வாங்கி என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். மாடியில கமிட்டி அத்தனை பேரும் கூடியாச்சு. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கேம்பு பட்டியல் போயாகணும். கவியரசன் பின்னாடி சுவத்துல சாஞ்சு கையக் கட்டிக்கிட்டு நிக்கறான். அவன் அக்கா மலர்க்கொடியும் வந்திருந்துச்சு, பக்கத்துத் தெருவுல கட்டிக் குடுத்த பொண்ணு. பென் டிரைவை டிவியில சொருவினோம். படம் வருது, சத்தம் வரலை. கூட்டம் வாயைத் தொறந்து தொறந்து மூடுது, ஒரு சத்தம் இல்ல. "இந்தச் சத்தத்தை நம்மளால ஓட்ட முடியாது"ன்னு டிவி கீழ ஒரு வரி எழுதிக் காட்டுது.

பாட்டு நின்னுச்சா இல்லையாங்கறதுதான் வழக்கே. சத்தம் இல்லாத படத்தை வச்சிக்கிட்டு என்ன பண்றது? ஒருத்தர், வீடியோக்காரர்கிட்டக் குடுத்து வேற மாதிரி மாத்தி வாங்கியாரலாம்னாரு. நான் ஒத்துக்கலை. மாத்தறேன்னு போயி வெட்டி ஒட்டிக் கொண்டாந்தா? என் பையில என்ன இருக்கோ அது இருக்கறபடியே ஓடணும். இன்னொருத்தர் லேப்டாப்புன்னாரு. அதுவும் கூடாதுன்னேன். லேப்டாப்புல பாட்டைக் கூட்டலாம், கொறைக்கலாம், என்ன வேணா பண்ணலாம். போனும் கூடாது. அத்தனை பேரும் ஒண்ணா உக்காந்து பெரிய டிவியில பாக்கணும். நான் சட்டம் பேசினா சட்டந்தான்.

அப்பத்தான் அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "கேம் பெட்டின்னா ஒத்துப்பீங்களா சார்?"னு.

அதோட வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல வேலை பாக்கறாரு. புள்ளைக்கு வாங்கியாந்த பெட்டி வீட்டுல இருக்குதாம். நான் யோசிச்சேன். கேம் பெட்டியில வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. சரின்னுட்டேன். ஓடிப் போயி பெட்டியும், நகம் பெருசுக்கு ஒரு மெமரி கார்டுமா வந்துச்சு. ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். பெட்டி கேமு மட்டுந்தான் ஓட்டுமாம். வீடியோ ஓட்டணும்னா அதுக்குன்னு ஒரு மென்பொருள் இருக்குதாம். கம்பெனி குடுக்கறது இல்ல. யாரோ வேலையத்த நேரத்துல வீட்டுல உக்காந்து எழுதி, ஊருக்கெல்லாம் சும்மா குடுத்திருக்காங்க, அதுதான் அந்தக் கார்டுல இருக்குதாம். அதை உள்ள ஏத்திப்புட்டா எந்த வீடியோவையும் உள்ளது உள்ளபடி ஓட்டும், சத்தத்தோட.

"கம்பெனி குடுக்காததை ஏத்தினா பெட்டி சும்மா இருக்குமா?"ன்னு ரெத்தினசபாபதி கேட்டாரு.

"ஏத்தும்போது கரண்டு போவாம இருந்தா ஒண்ணும் ஆவாது மாமா. நடுவுல போச்சுன்னா பெட்டி செத்துடும். அப்புறம் கதவுக்கு முட்டுக் குடுக்கத்தான் ஆவும்."

"புள்ளை அழுவானேம்மா."

"அழட்டும். அவன் மாமன் பேரு கெட்டா யாரு திருப்பித் தருவா?"

திமிரு பாத்தீங்களா? தன் தம்பி பண்ணினது தப்புன்னு ஒரு வார்த்தை வரலை. சரி, ஏத்தட்டும்னு நானும் உக்காந்துட்டேன். எவ்வளவு சீக்கிரம் சத்தம் வருதோ அவ்வளவு சீக்கிரம் அவுங்க வாய் அடையும்.

மெமரி கார்டைப் பெட்டியில சொருவி, கடிதாசி வர்ற பக்கம்னு ஒண்ணு இருக்கு, அதைத் தொறந்துச்சு. அங்க ஒரு கடிதாசி வந்து நிக்கணுமாம், அது வழியாத்தான் உள்ள நுழையணுமாம். பாத்தா ஒண்ணும் இல்ல. வெறும் பக்கம். பொண்ணுக்கு மூஞ்சி வேத்துப் போச்சு. அமுக்கிப் பாக்குது, வெளிய வந்து திரும்பப் போவுது. கவியரசன் சுவத்துலேர்ந்து நகந்து முன்னாடி வந்துட்டான். ரெத்தினசபாபதி மணிக்கட்டைப் பாக்கறாரு. கடைசியில என்னன்னா, பெட்டி ரொம்ப நாளா சும்மா கெடந்ததுல அதோட தேதி தப்பாயிடுச்சு. தேதி தப்பா இருந்தா கடிதாசி வராதாம். தேதியைச் சரி பண்ணினதும் வந்துச்சு தம்பி, செவப்பா ஒரு கவரு, அதுல வெடிகுண்டுப் படம்!

கமிட்டியில ரெண்டு பேரு நாற்காலியத் தள்ளிக்கிட்டு எழுந்துட்டானுவ. "என்னம்மா இது குண்டு கிண்டுன்னு!" "சும்மா படம் மாமா, உக்காருங்க"ன்னு அதை அமுக்கிச்சு. டிவி முழுக்கக் கறுப்பாயி வெள்ளை எழுத்தா கொட்டுது. இங்கிலீசு. ரெத்தினசபாபதி மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. "இதுக்கு நீங்க யாருக்காச்சும் காசு குடுத்திருந்தா உங்களை ஏமாத்திட்டாங்க, போயி திருப்பிக் கேளுங்க"ன்னு போட்டிருக்கு. நெசமா, அப்படித்தான் போட்டிருக்கு. அவரு கண்ணாடிக்கு மேல எல்லாரையும் ஒரு பார்வை பாத்தாரு. "யாருய்யா இதுக்குக் காசு வாங்கினது?"

பொண்ணு சிரிச்சிடுச்சு. அன்னிக்கு அந்த மாடியில யாராச்சும் சிரிச்சாங்கன்னா அது ஒண்ணுதான்.

அப்புறம் ஏத்த ஆரம்பிச்சுது. ஒரு கோடு கொஞ்சங்கொஞ்சமா நெறைஞ்சுக்கிட்டே வருது. "யாரும் எதையும் தொடாதீங்க"ன்னு சொல்லிச்சு. சொல்லி வாய மூடலை, டிவி படம் சுருங்கி விரியுது. லைட்டு மங்குது. பொண்ணு பதறிப் போச்சு. "கரண்டு இழுக்குது! பக்கத்துல மாவு மில்லு ஓடுதுல்ல, அதை நிறுத்தச் சொல்லுங்க, சீக்கிரம்!"

நான் சொன்னேன், "மில்லு எங்கம்மா ஓடுது? அது காலையிலேர்ந்து மூடிக் கெடக்கு"ன்னு.

எல்லாரும் என்னையே பாத்தானுவ. எதுக்குப் பாத்தானுவளோ. ஒருத்தர் படியில தடதடன்னு எறங்கிப் போனாரு, கொஞ்ச நேரத்துல லைட்டு பழையபடி ஆச்சு. எனக்கு அதெல்லாம் பாத்துக்கிட்டு நிக்க நேரம் இல்ல. ஏன்னா டிவிக்கும் பெட்டிக்கும் சேத்து இருக்கறது ஒரே பிளக்கு பாயிண்டு, அது தொளதொளன்னு ஆடும். நான்தான் பாத்தேன், பெட்டியோட ஒயரு அதுலேர்ந்து மெல்லக் கழண்டுக்கிட்டு வருது. பாஞ்சு போயி ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சேன். பொறி வேற பறக்குது. "சார், ஷாக் அடிக்கப் போவுது!"ன்னு கத்தினது கவியரசன்தான், வாய் அசைவுலயே தெரிஞ்சுது. போடான்னுட்டேன். கோடு முழுசா நெறையற வரைக்கும் கையை எடுக்கலை. நான் மட்டும் அன்னிக்குக் கைய எடுத்திருந்தேன்னா அந்தப் பெட்டி செத்திருக்கும், வீடியோவும் ஓடியிருக்காது. அவ்வளவு நம்பிக்கை தம்பி எனக்கு. பொய் சொல்றவன் இப்படிப் புடிப்பானா?

ஏறிடுச்சு. பொண்ணு மென்பொருளைத் தொறந்துச்சு. பென் டிரைவை நானே என் கையால சொருவினேன். வீடியோ பேரு வந்துச்சு. அமுக்கிச்சு. டிவி சத்தத்தைக் கூட்டிச்சு.

படம் வந்துச்சு. சத்தமும் வந்துச்சு. ஜனங்க கத்தறது, தட்டறது, லவுடுஸ்பீக்கரு, எல்லாம் கும்முன்னு ஒரே இரைச்சலா. கவியரசன் உள்ள போறான். நாலு பேரு புடிக்கறானுவ. மூஞ்சி மண்ணுல. நான் குனியறேன், டிவியில. இங்க நாற்காலியிலயும் குனிஞ்சு கேக்கறேன். பாட்டு இல்ல தம்பி! சத்தியமா இல்ல. அவன் ஊர்ந்து ஊர்ந்து வர்றான், வர்றான், கோட்டுல விரலை வைக்கறான், நான் ஊதறேன். அது வரைக்கும் பாட்டே இல்ல.

துள்ளி எழுந்துட்டேன். "பாத்தீங்களா! கேட்டீங்களா! எங்க பாட்டு? எங்கடா பாட்டு?"

கழுத்துல துண்டைப் போட்டுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கானுவ. ரெத்தினசபாபதி கொஞ்ச நேரம் என்னைப் பாத்துட்டு, "இன்னொரு தரம் போடும்மா. சத்தத்தை முழுசா வையி"ன்னாரு. போட்டுச்சு. அவரு ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டாரு. எதுக்குப் பொத்தினாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியலை. அவன் மண்ணுல கெடந்தப்ப நான் மறுபடியும் சொன்னேன், "இந்தா, இந்த எடம், நின்னுடுச்சு பாருங்க, பாட்டு நின்னே போச்சு!"

திரும்பிப் பாக்கறேன், கவியரசன் டிவியப் பாக்கலை. என்னையே பாக்கறான். மொறைக்கறான்னுதான் நெனச்சேன். மொறைப்பு இல்ல. என்னவோ மாதிரி ஒரு பார்வை. எனக்கு அது புடிக்கலை.

"சரிய்யா, வழவழன்னு வேணாம்"னேன். "இதுல பாட்டைக் காதால கேட்டவன் யாரு? கேட்டவன் கையத் தூக்குங்க!"

தம்பி, ஒருத்தன் தூக்கலை. ஒருத்தன்! அத்தனை பேரும் தரையப் பாக்கறானுவ. அந்த மலர்க்கொடி மட்டும் கையத் தூக்கப் போச்சு. பாதி தூக்கிடுச்சு. தம்பிக்காரன் எட்டி அந்தக் கையப் புடிச்சு எறக்கி விட்டான். அது அவனைப் பாத்து என்னவோ கேட்டுச்சு. அவன் வேணாம்னு தலைய ஆட்டினான். அது கண்ணுலேர்ந்து பொலபொலன்னு தண்ணி.

அப்புறம் அவன் எனக்கு நேரா வந்து நின்னான். ஒரு முழம் தூரத்துல. அன்னிக்குத்தான் வாயை நல்லாத் தொறந்து, ஒவ்வொரு வார்த்தையா, உரக்கப் பேசினான். "நான் பாட்டை விட்டுட்டேன் சார். நீங்க ஊதினது சரி. அன்னிக்கு நான் கேட்டது தப்பு. மன்னிச்சுக்குங்க."

எனக்கு சந்தோசந்தான், வேற என்ன? உண்மையை எத்தனை நாளைக்கு மூடி வைக்க முடியும்? பெட்டி பேசிடுச்சு, பய வழிக்கு வந்துட்டான். இப்படி முதல்லயே வாயைத் தொறந்து மரியாதையா பேசியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

இதோட முடிஞ்சிருந்தா நான் இந்த பஸ்ஸுல உக்காந்திருக்க மாட்டேன் தம்பி. இனிமேத்தான் அநியாயம். அவனே ஒத்துக்கிட்டான். நான் ஊதினது சரின்னு ஆயிப்போச்சு. அப்படின்னா தடை போடணுமா வேணாமா? ரெத்தினசபாபதி கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டே தீர்ப்பு சொல்றாரு, "நடுவரு முடிவு நிக்குது. கப்பு போனது போனதுதான். பையன் மன்னிப்புக் கேட்டுட்டான், தடை கெடையாது. கேம்புக்குப் பேரு போவுது"ன்னு. நான் தாம்தூம்னு குதிச்சேன். அவரு பாட்டுக்குப் பட்டியலைக் கவருல போட்டு ஒட்டிட்டாரு. அது மட்டுமா? அடுத்த வாரமே வீட்டுக்கு வந்து எனக்குப் பொன்னாடை போத்தறாங்க. இத்தனை வருச சேவையாம். இனிமே நான் ஆலோசகராம். மேடையில நாற்காலி போட்டு உக்காரணுமாம், விசில் புடிக்க வேணாமாம். என் கழுத்துலேர்ந்து விசிலை ரெத்தினசபாபதியே தன் கையால கழட்டினாரு. அந்தாளு கண்ணு ஏன் கலங்குச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஜெயிச்சவனை எதுக்குய்யா ஓரங்கட்டறீங்க? இதுக்குப் பின்னாடி அந்தப் பயதான் இருக்கான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

அதான் விடலை நான். பூதலூர்ல மச்சினன் வீட்டுப் பரண்ல இதே மாதிரி ஒரு பெட்டி தூங்கிக்கிட்டு இருந்துச்சு. கேட்டு வாங்கியாந்தேன். மலர்க்கொடி செஞ்சதெல்லாம் கண்ணால பாத்தவன்தானே? தெரியாததை வீடியோக்காரர்கிட்டக் கேட்டுக்கிட்டேன். தேதியச் சரி பண்ணி, செவப்புக் கவரை வரவழைச்சு, பிளக்கை அழுத்திப் புடிச்சு, நானே ஏத்திட்டேன். ஏத்தி முடிச்சு, சத்தம் வருதான்னு பாக்க வீட்டு டிவியில போட்டேன், முழுச் சத்தம் வச்சு. எதிர்வீட்டுக்காரன் வாசல்ல வந்து நிக்கறான். வீட்டுக்காரி கொல்லையிலேர்ந்து ஓடியாந்தா. வந்தவ அப்படியே நின்னுட்டா. அந்தப் பய மண்ணுல கெடக்கறதையும் நான் ஊதறதையும் கடைசி வரைக்கும் பாத்தா. "பாத்தியா செண்பகம், பாட்டே இல்ல"ன்னேன். தரையில உக்காந்து ஓன்னு அழுதா. அவளுக்கே பொறுக்கலை பாருங்க, புருசனுக்கு நடந்த அநியாயம். அப்புறம் என்னடான்னா, காலையில நான் கெளம்பறப்ப பையைப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறா. கும்புடறா. என்னமோ சொல்றா, அழுதுக்கிட்டே பேசினா யாருக்குத் தம்பி வெளங்கும்? பொம்பளைங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்.

மாவட்டக் கழகத்துல இன்னிக்கு எல்லாரும் கூடறாங்க. தலைவரு, செயலாளரு, மூத்த நடுவருங்க, என் கூட விசில் புடிச்ச ஆளுங்க அத்தனை பேரும். பெரிய ஹாலு, பெரிய டிவி. ஒலிபெருக்கியும் இருக்காம். அனுமதி வாங்கிட்டேன். கேம்பு அடுத்த வாரம் ஆரம்பிக்குது, அதுக்குள்ள அவன் பேரை அடிக்கச் சொல்லப் போறேன்.

இந்தா, பழைய பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு போல, எல்லாரும் எழுந்துட்டாங்க. கொஞ்சம் வழி விடுங்க தம்பி. என்ன? ஏன் தலைய ஆட்டறீங்க? என்னமோ சொல்றீங்க, உதடு அசையுது. மறுபடியும் உதட்டுக்குள்ளயே பேசறீங்க பாருங்க, அப்பவே சொன்னேன்ல. அட, எதுக்குப் பையைப் புடிக்கறீங்க? போவ வேணாங்கறீங்களா? நீங்களுமா? இவ்வளவு நேரம் நியாயத்தைக் கேட்டுட்டு நீங்களும் அந்தப் பய பக்கந்தானா?

விடுங்க தம்பி. கையை விடுங்கன்னா. நான் சொல்றதை நீங்க நம்ப வேணாம், எவனும் நம்ப வேணாம். அத்தனை பேரு முன்னாடியும் போட்டுக் காட்டப் போறேன். அவனவன் காதால கேக்கட்டும்.